பாலாற்றங்கரையில் அடைக்கலம் புகுந்தோர் – 9: உடன் வந்த சுரூபம்

1816-ஆம் ஆண்டில் பரிவாரங்களோடு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, பதினாறு ஆண்டுகள் அதன் மதில்களுக்குள்ளே காவலில் இருந்து, 1832-இல் இந்த மண்ணிலேயே கண்மூடிய கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுடைய சரித்திரத்தைப் பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் சென்ற இதழில் முடித்தோம். அவன் வந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னர், அதே தீவிலிருந்து இதே ஜில்லாவுக்கு மற்றொரு கூட்டம் வந்து சேர்ந்தது. இவர்களுக்குப் பரிவாரம் இல்லை. உபகாரச் சம்பளம் இல்லை. வருகையைக் குறித்து வைத்த துரைத்தனத்து நாட்குறிப்பும் இல்லை. காவல் நிலையத்துப் பதிவேட்டில் ஒரு வரிசை எண்ணும், குடும்பத் தலைவரின் பெயரும், தலைக்கணக்கும் மாத்திரமே இவர்களுடைய ஆவணம். பெரும்பாலோர் சைவர்கள், ஆயினும் மன்னார்க் கரையிலிருந்தும் யாழ்ப்பாணத்துக் கடலோரத்திலிருந்தும் வந்தவர்களுள் கிறிஸ்தவர் கணிசமானோர். வீடும் வள்ளமும் வயலும் கோயிலும் போன பிறகு அவர்கள் தங்கள் விசுவாசத்தை எவ்வாறு வைத்துக்கொண்டார்கள் என்பதை இந்த அத்தியாயத்தில் சொல்ல விழைகிறேன்.

காட்பாடிச் சந்திப்பில் எந்த ரயில் வந்து நின்றாலும், மூட்டையும் எக்ஸ்ரே உறையுமாய் இறங்குகிற வெளியூரார் ஒரு கூட்டம் இருக்கும். வங்காளமோ அஸ்ஸாமோ எங்கிருந்து வந்தாலும், அவர்கள் முதலில் வழி கேட்பது வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனைக்குத்தான். அந்த மருத்துவமனையை 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரை இவ்வூரில் அறியாதவர் இல்லை. அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் முதன்முதலில் வைத்தியப் பெட்டியை இறக்கிவைத்த இடம் ஆற்காடும் அன்று, சென்னையும் அன்று. அது யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு என்பதை நம்மவர் பலர் கேள்விப்பட்டதில்லை. 1820 முதல் 1836 வரை, பனைகளும் கிணறுகளும் சூழ்ந்த அந்தச் சிற்றூரிலே, அமெரிக்க இலங்கை மிஷனின் வைத்தியராக அவர் ஊழியம் செய்தார். பிறகு சென்னைக்கு வந்தார். இலங்கையில் பிறந்த அவருடைய புதல்வர்களான ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் என்னும் மூவர் 1853-இல் ஆற்காட்டு மிஷனை நிறுவினார்கள். வேலூர், இராணிப்பேட்டை, காட்பாடிப் பக்கங்களில் இன்று காணும் பள்ளிகளிலும் ஆலயங்களிலும் பல அந்த மிஷனின் வித்திலிருந்து முளைத்தவை. ஆகவே, வேலூர்ச் சீமையின் புராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவம் பாக்கு நீரிணையைக் கடந்து வந்த ஒன்று என்று சொல்வதில் மிகையில்லை. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணமும் அதன் பேராயங்களுள் ஒன்றாயிற்று. சபாபதி குலேந்திரன் அதன் முதற் பேராயர். கடலின் இரு கரையிலும் ஒரே சபை. 1980-களில் பண்டத்தரிப்பிலிருந்தோ தெல்லிப்பழையிலிருந்தோ ஓடிவந்த ஒருவர் வேலூர் ஆலயத்தில் பின்வரிசை விசிப்பலகையில் உட்கார்ந்தபோது, அங்கே அந்நியராக உட்காரவில்லை. பாட்டன் வீட்டுக் கிளையொன்றில் போய் உட்கார்ந்தார். இதை அன்று அவரும் அறிந்திருக்கமாட்டார். அவருக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தவரும் அறிந்திருக்கமாட்டார்.

கத்தோலிக்கருடைய கதை இதைக் காட்டிலும் பழையது, இரத்தம் தோய்ந்தது. மன்னார்த் தீவிலே புதிதாய் ஞானஸ்நானம் பெற்றிருந்த 600-க்கும் மேற்பட்டோரை, 1544-இல் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி கொல்வித்தான். அவர்கள் வழிபாட்டை மாற்றியதைப் பறங்கியர் பக்கம் சாய்ந்ததாகவே அவன் கண்டான் என்பதை நியாயம் பேசுவோர் மறக்கலாகாது. அரசியலும் வேதமும் ஒரே கத்தியின் இரு முனைகளாய் அந்தக் கரையில் அன்றே கூர்தீட்டப்பட்டுவிட்டன. 1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டார்கள். அவர்களுக்கு இடங்கொடுப்பது கொடிய தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அப்போதுதான், 1670-ஐ ஒட்டி, மாந்தையிலிருந்த சில குடும்பங்கள் தங்கள் கோயிலின் மாதா சுரூபத்தைச் சுமந்துகொண்டு, வன்னிக் காட்டுக்குள் மருதமடுவென்னும் இடத்துக்கு ஓடினார்கள் என்பது தலைமுறை தலைமுறையாய் வரும் செய்தி. மடுத் திருத்தலத்தின் தொடக்கம் அதுவே.

இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நிற்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்று இலங்கையில் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே யாத்திரை போகும் அந்தப் பெருந்தலத்தைத் தோற்றுவித்தவர்கள் மன்னரும் அல்லர், மேற்றிராணியாரும் அல்லர், அகதிகள். அங்கே முதலில் வந்து சேர்ந்தது சுரூபம். கோயில் பிறகுதான் எழும்பியது. 1687-இல் கோவாவிலிருந்து பிச்சைக்கார வேஷத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்த ஜோசப் வாஸ் அடிகளும் அப்படியே, கோயில் இல்லாத இடங்களில், இரவு நேரங்களில், வீட்டு உள்ளறைகளில் பூசை செய்தார். அவரை மறைத்துக் காத்த சில்லாலை, மேலே சொன்ன பண்டத்தரிப்புக்கு அடுத்த ஊர். இதில் இன்னுமொரு விந்தை இருக்கிறது. வாஸ் அடிகளைத் தேடித் திரிந்த ஒல்லாந்தர் எந்தச் சீர்திருத்த மரபைச் சேர்ந்தவர்களோ, அதே மரபின் அமெரிக்கக் கிளைச் சபைதான் பிற்காலத்தில் ஆற்காட்டு மிஷனைத் தாங்கியது. வேட்டையாடியவர்களின் மரபில் வந்தவர்கள் கட்டிய மருத்துவமனையில், வேட்டையாடப்பட்டவர்களின் சந்ததியார் வந்து மருந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். காலம் எல்லாப் பகைகளையும் இப்படித் தீர்த்துவைப்பதில்லை. தீர்த்துவைத்த ஒன்றையேனும் எழுதிவைப்பது சரித்திரகாரனின் கடமை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தொடங்கிய ஓட்டம், இடையிடையே ஓய்ந்தும் பெருகியும், 2010 வரை நீண்டது; அந்தக் காலம் முழுவதிலும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழகக் கரை சேர்ந்தார்கள். மன்னார் மாவட்டத்தில் மட்டும் ஒரு மாத இடைவெளிக்குள் இரண்டு குருமார் கொல்லப்பட்டார்கள்: 1984 டிசம்பர் 13-ஆம் தேதி மெதடிஸ்த சபையின் ஜார்ஜ் ஜெயராஜசிங்கம் போதகர்; 1985 ஜனவரி 6-ஆம் தேதி, மூவிராசாக்கள் திருநாளன்று, வங்காலையில் மேரி பஸ்தியான் அடிகள். 1990-இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது ஆயிரக்கணக்கானோர் மடுக் கோயிலின் வளவில் மரத்தடிகளில் தங்கினார்கள். முன்னூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் சுரூபம் வந்து ஒளிந்த காடு மறுபடியும் மனிதரை ஒளித்தது. அதே ஆண்டு அக்டோபரில், அதே மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் முஸ்லிம் குடும்பங்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள் என்பதையும் இங்கேயே எழுதிவைக்கிறேன். தன் அழுகையை மாத்திரம் பதிவுசெய்யும் சரித்திரம் பாதிச் சரித்திரம். 1995 ஜூலை 9-ஆம் தேதி, கோயிலென்றால் குண்டு விழாது என்று நம்பி நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் ஒதுங்கியவர்கள்மேல் விமானத்திலிருந்து குண்டு விழுந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1999 நவம்பரில் மடுக் கோயிலுக்குள்ளேயே ஷெல் விழுந்தது. 2008 ஏப்ரலில் அந்தப் பழைய சுரூபம், மாந்தையிலிருந்து புறப்பட்ட நாளைப் போலவே, குருமாருடைய கைகளில் மறுபடியும் வடக்கே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. சில மாதங்களுக்குப் பின்பே திரும்பி வந்தது.

ஓடிவந்தவர்களிடம் நான் கேட்டறிந்தவற்றுள் பிரயாணத்தைப் பற்றிய பகுதியை அவர்கள் சுருக்கமாகவே சொல்கிறார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் தூரந்தான். இருளில் வள்ளம் ஏறுவார்கள். கரைக்கு வர அஞ்சிய ஓட்டிகள் நடுக்கடல் மணல்தீடையொன்றில் இறக்கிவிட்டுப் போய்விடுவதும் உண்டு. விடிந்தபின் யாராவது வந்து ஏற்றிக்கொள்ளவேண்டும். தனுஷ்கோடியில் கரையேறியவர்கள் இந்தியாவில் முதலில் கண்ட கிறிஸ்தவக் கோயில், 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த அந்த ஊரின் கூரையில்லாத கோயில்தான். பவளப்பாறைக் கற்களால் ஆன சுவர்கள் மாத்திரம் நிற்கின்றன. பீடம் இருந்த திசையில் ஆகாயம் தெரிகிறது. நவாலியையும் வங்காலையையும் விட்டு வந்தவர்கள் இதைக் கண்டபோது என்ன நினைத்தார்கள் என்று ஒருவரிடம் கேட்டேன். நினைக்க நேரமில்லை, அந்தச் சுவர் நிழலில் பிள்ளைகளை உட்காரவைத்து ஈரத்துணியைப் பிழிந்தோம் என்றார்.

கரையேறியவர்கள் முதலில் வைக்கப்பட்ட மண்டபம் முகாமிலிருந்து பிரித்தனுப்பப்பட்டவர்களுக்கு வேலூர் வட்டாரத்தில் மேல்மொணவூரிலும், ஆம்பூர்ப் பக்கம் மின்னூர், சின்னப்பள்ளிக்குப்பம் முதலிய இடங்களிலும் முகாம்கள் அமைந்தன. பத்தடிக்குப் பத்தடி ஒரு குடும்பம். 1991 மே 21-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு ஊராரின் அனுதாபம் ஒரே இரவில் அச்சமாக மாறியது. குற்றத்தில் கையில்லாத இலட்சம் பேர் அதன் நிழலில் நிற்க வேண்டியதாயிற்று. கோட்டையில் திப்பு மகால், புலிகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை அடைக்கும் சிறப்பு முகாமாயிருந்தது. அங்கிருந்து 1995 ஆகஸ்டில் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பியபோது, அந்தச் சந்தேகத்தின் பாரம் முழுவதும் வெளிமுகாம்களில் இருந்த கிழவிகளின்மேலும் குழந்தைகளின்மேலுமே இறங்கியது. ‘செக்கிங்’ என்று முகாமில் ஒரு சொல் உண்டு. குறித்த நாளில் எல்லாரும் முகாமில் இருந்து பெயர் கூப்பிடும்போது முன்வந்து நிற்கவேண்டும்; இல்லாதவருடைய பதிவு ஆபத்துக்குள்ளாகும். பாஸ்காத் திருநாளும் செக்கிங்கும் ஒரே நாளில் வந்தால் எது முந்தும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கையொப்பமிட்டுவிட்டுப் பூசைக்கு ஓடுவார்கள்; பிரசங்கம் முடிந்திருக்கும்; நற்கருணைக்கேனும் வந்து சேர்ந்தோமே என்று முழங்காலில் நிற்பார்கள்.

ஆம்பூருக்குப் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய முகாமொன்றில், மன்னார்க் கரையிலிருந்து 1990-இல் வந்த மூதாட்டி ஒருவரைச் சில வருஷங்களாகப் பார்த்து வருகிறேன். அவருடைய பத்தடி வீட்டில், அரிசி டிரம்மின்மேல், கண்ணாடிச் சட்டமிட்ட மடு மாதா படம் ஒன்று இருக்கிறது. அதன் கீழ்ப்பகுதியில் கடல்நீர் ஊறிப் பழுப்பேறிய கறை. மாதாவின் பாதம் இருக்கவேண்டிய இடம் முழுவதையும் அது தின்றுவிட்டது. வேளாங்கண்ணிக்குப் போய்வந்த யாரோ நல்ல வர்ணப்படமொன்று வாங்கிவந்து கொடுத்தார்கள். அதை வாங்கி வைத்துக்கொண்டார், ஆனால் இதை எடுக்கவில்லை. கறையைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னார்: “வள்ளத்தில சாமான் ஒண்டும் ஏத்த விடயில்லைத் தம்பி. உடுத்த உடுப்பு, மாதா படம், பெட்டைக்கு ஒரு பால்மாப் பேணி. அவ்வளவுதான். தண்ணி ஏற ஏற இதைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சனான். கை சோர்ந்து ஒருக்கால் நனைஞ்சு போச்சுது.”

மாலை ஏழு மணிக்கு ஜெபமாலை. விளக்கை அணைத்துவிட்டு மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். முகாமில் மின்சாரம் அடிக்கடி போய்க்கொண்டிருந்த காலத்துப் பழக்கம், இப்போது வழிபாட்டு முறையாகவே ஆகிவிட்டது. மூதாட்டி சொல்லும் ஜெபங்கள் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முந்திய பழைய வடமொழி நடையில் உள்ளவை. மகள் சொல்வது பின்னர் வந்த யாழ்ப்பாணத்துப் பாடம். முகாமில் பிறந்த பேரனோ வேலூர் மேற்றிராசனத்துப் பங்கில் ஞானோபதேசம் படித்தவன். அவன் வாயில் இங்கத்தைய தமிழ். ஒரே மங்கள வார்த்தை ஜெபத்தை மூன்று பேரும் மூன்று சொல்லடுக்கில், ஒரே மூச்சில் சொல்லி, ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். முதன்முதல் கேட்டபோது எனக்கு அது குழப்பமாயிருந்தது. பழகிய பிறகு, இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் சரித்திரத்தை இதைவிடத் துல்லியமாக யாரும் எழுதிவிட முடியாது என்று தோன்றுகிறது.

மன்னார்க் கரையிலும் யாழ்ப்பாணத்துக் கடலோரத்திலும் ஆடப்பட்டு வந்த கத்தோலிக்க நாட்டுக்கூத்துகளுள் ‘எஸ்தாக்கியார்’ புகழ்பெற்றது. ரோமாபுரிச் சேனாதிபதி ஒருவன், மானின் கொம்புகளுக்கிடையே சிலுவையைக் கண்டு கிறிஸ்தவனாகி, அதன்பின் செல்வத்தை இழந்து, ஊரை விட்டுக் கப்பலேறுகிறான். கூலி கொடுக்கப் பணமில்லாததால் கப்பற்காரன் அவன் மனைவியைப் பிடித்துக்கொள்கிறான். ஆற்றைக் கடக்கையில் பிள்ளைகளையும் மிருகங்கள் கவ்விச் செல்கின்றன. பல ஆண்டுகளுக்குப் பிறகு நால்வரும் ஒன்றுசேர்ந்து, இறுதியில் வேதசாட்சிகளாகிறார்கள். இந்தக் கதையை அந்த ஜனங்கள் விடிய விடியப் பார்த்தவர்கள். வசனங்களை மனப்பாடமாய் அறிந்தவர்கள். கூலிக்கு மிஞ்சிக் கேட்ட வள்ளக்காரனிடம் தாலியைக் கழற்றிக்கொடுத்த பெண்ணுக்கு, தான் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பது தெரிந்திருந்தது. துன்பம் வந்தபின் அதற்கு அர்த்தம் தேடுவது ஒன்று. துன்பத்தின் கதையைப் பாட்டாகவும் தாளமாகவும் முன்கூட்டியே உடம்புக்குள் வைத்திருப்பது வேறொன்று. வேதபாடசாலையில் கற்ற கோட்பாடுகளைக் காட்டிலும், இந்தக் கூத்தும் தபசுகாலத்து ஒப்பாரிகளும் வியாகுலப் பிரசங்கமும் அவர்களை அதிகமாய்த் தாங்கின என்பது என் துணிபு.

எல்லாருடைய விசுவாசமும் நிலைத்தது என்று எழுதினால் அது பொய்யாகும். நவாலிக்குப் பிறகு கோயில் வாசலை மிதியாதவர்கள் உண்டு. அவர்களிடம் வாதம் செய்யும் யோக்கியதை எனக்கில்லை. வேறு சிலர், தகரக் கொட்டகைகளில் நடக்கும் பெந்தெகொஸ்தே ஜெபக்கூட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பங்கும் பதிவும் வம்சமும் யாரும் கேட்பதில்லை, அழவேண்டுமென்றால் வாய்விட்டு அழலாம். பழைய சபைகள் இதைக் குறையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். முகாம் மக்களைப் பரிதாபத்துக்குரிய விருந்தாளிகளாகவே பல ஆண்டுகள் பின்வரிசையில் வைத்திருந்த நாம், அப்படிப் பேசுமுன் சற்றே யோசிக்கவேண்டும்.

2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம், 2014 டிசம்பர் 31-க்குள் வந்த சிறுபான்மையோருக்கு வழிசெய்தபோது, கிறிஸ்தவரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்னும் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களை மட்டும். மன்னாரிலிருந்து வந்த கிறிஸ்தவருக்கும் இந்துவுக்கும் அதில் இடமில்லை. 2021 நவம்பரில் மேல்மொணவூரில் வைத்து, தமிழகமெங்கும் முகாம்களில் 3,510 வீடுகள் கட்டும் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கினார். 2023 செப்டம்பர் 17-இல் அதே ஊரில் வைத்து 1,591 வீடுகள் திறக்கப்பட்டன. மேலே கான்கிரீட், கீழே ஓடு. மழைக்கு ஒழுகாத வீடு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொறுத்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல் என்பதில் ஐயமில்லை. நாடென்ற சொல்லுக்கு நேரே எழுத ஒரு பெயர் இன்னும் கிடைக்கவில்லை.

ஜூலை 2 மடு மாதாவின் ஆடித் திருநாள். சென்ற முறை அன்று காலையில் அந்த மூதாட்டியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மடுவில் திருநாள் பூசைக்குப் போயிருந்த உறவினர் ஒருவர், கோயில் வெளியில் ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் நின்றுகொண்டு, தம் கைப்பேசியை உயரப் பிடித்திருந்தார். இங்கே பேரனுடைய கைப்பேசி அரிசி டிரம்மின்மேல், கறை படிந்த படத்துக்கு முன்னே இருந்தது. தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிப் பாட்டு வந்தது. இடையிடையே காற்றின் இரைச்சல், யாரோ ஒரு குழந்தையின் அழுகை, நிலக்கடலையைக் கச்சான் என்று கூவி விற்பவனின் குரல். கச்சான் என்று கேட்டதும் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுரூப ஆசீர் தொடங்கியதும் மணியோசை வந்தது, எல்லாரும் முழங்காலிட்டார்கள். நடுவே தொடர்பு அறுந்துபோயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை. பேரன் மறுபடியும் மறுபடியும் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தான். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் அவனுடைய விரல்களின் நகக்கண்களில் பசை காய்ந்திருந்தது. மூதாட்டி அவன் தோளில் கைவைத்து, “விடு ராசா, அங்க குடுத்திருப்பினம்” என்று சொல்லிவிட்டு, தாமே நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். மற்றவர்களும் அப்படியே வரைந்துகொண்டு எழுந்தார்கள். பத்தரை மணிக்குச் செக்கிங் இருந்தது.